விலை குறைந்த டென்ட் மழை தாங்குமா? கேள்வி பதில்

கோவையில் டென்ட் வாடகைக்கு விடுகிறேன், 9 வருடமாகிறது. வாங்கியதில் பாதி இன்னும் ஓடுகிறது, மீதி பரணில் கிடக்கிறது. பரணில் கிடப்பவை ஏன் அங்கே போயின என்பதுதான் நான் படித்த பாடம், அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். கேளுங்கள்.

அண்ணா, நாங்கள் நாலு பேர். ஜூலையில் வால்பாறை, ஜனவரியில் ஊட்டி, நடுவில் ஏற்காடு என்று போவோம். எல்லாவற்றுக்கும் ஒரே டென்ட், நாலு சீசன் என்று போட்டிருப்பதை வாங்கலாமா? (திருப்பூர்)

வேண்டாம் தம்பி. நாலு சீசன் என்பது பனி கொட்டி மேலே குவிகிற இடங்களுக்கு. கெட்டித் துணி, வலை குறைவு, எடை அதிகம், விலையும் அதிகம். நம் ஊர் ஏப்ரலில் அதற்குள் படுத்தால் இட்லிப் பானைதான். ஊட்டியில் உறைபனி விழும், ஆனால் டென்டை அமுக்குகிற அளவுக்குப் பனி குவியாது. மூன்று சீசன் டென்ட் போதும். உள்ளே பாதி கொசுவலை, வெளியே தனியாக ஒரு மேல் கவர், அந்தக் கவர் நாலு பக்கமும் கிட்டத்தட்ட தரை வரை இறங்கியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த டென்டுகளில் மேல் கவர் தொப்பி மாதிரி உச்சியில் மட்டும் உட்கார்ந்திருக்கும், படத்தில் அழகாகத்தான் இருக்கும். வால்பாறை மழை நேராகவா பெய்கிறது? சாய்ந்து அடிக்கும்.

அப்புறம், 'நாலு பேர்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பை, ஷூ எதுவும் இல்லாமல் நாலு பேரை மத்திப் பெட்டி மாதிரி அடுக்கிப் போட்ட கணக்கு அது. மூன்று பேர் டென்டாக இரண்டு வாங்குங்கள், சேர்த்து 8,000 ஆனாலும் தலைக்கு 2,000தான். ஒன்றில் ஜிப் போனாலும் இன்னொன்று இருக்கும்.

ஆன்லைனில் 1,200க்கு, தூக்கிப் போட்டால் தானே விரிகிற டென்ட் பார்த்தேன். பையன் ஆசைப்படுகிறான்.

மொட்டை மாடிக்கு என்றால் வாங்கிக் கொடுங்கள் சார், பையன் சந்தோஷப்படுவான். மழைக்கு ஆகாது. அந்த விலையில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒற்றைத் துணி, தையல் ஓட்டையில் தண்ணீர் புகாமல் மேலே ஒட்டுகிற டேப் இருக்காது.

2,000 மி.மீ., 3,000 மி.மீ. என்று போடுகிறார்களே, மழை அளவா அது?

இல்லை. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரம் ஏறிய பிறகு துணி கசியத் தொடங்குகிறது என்ற கணக்கு. 2,000 என்றால் 2 மீட்டர். மேல் கவருக்கு 2,000 தாராளம். தரைத் துணிக்கு அதைவிடக் கூடுதலாகப் பாருங்கள், ஏனென்றால் ஈரத்தரையில் முட்டி போட்டு உட்காரும்போது உங்கள் எடை முழுக்க உள்ளங்கை அகலத்தில் இறங்குகிறது.

ஆனால் ஒன்று. தண்ணீர் துணி வழியாக வருவதைவிடத் தையல் ஓட்டை வழியாகத்தான் அதிகம் வரும். மேல் கவரை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், தையல் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் 5,000 மி.மீ. என்று போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

வாங்கியதும் நான் செய்வது இது. மாடியில் விரித்து, ஆணி அடிக்க முடியாததால் மூலைக் கயிறுகளை 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் கட்டி, உள்ளே தரை முழுக்கப் பழைய பேப்பர் பரப்பி, ஹோஸில் 20 நிமிடம் சாய்வாக அடிப்பேன். பேப்பரில் எங்கே கறுப்பாக நனைகிறதோ அதற்கு நேர் மேலே, இல்லாவிட்டால் பக்கத்து மூலைத் தையலில் ஓட்டை. திருப்பிக் கொடுக்கிற தேதிக்குள் இதைச் செய்துவிடுங்கள்.

மழையே பெய்யவில்லை, காலையில் எழுந்தால் உள்ளே சொட்டுகிறது. டென்ட் டூப்ளிகேட்டா?

டென்ட் நல்லதுதான், அது உங்கள் மூச்சு. குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடியிருப்பீர்கள். மேலே ஒரு சின்ன வாய் இருக்கும், அதைத் திறந்து வையுங்கள், மேல் கவர் உள்துணியில் ஒட்டாமல் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். ஓடைக்கு ஒட்டிய பள்ளத்தில் போடாமல் கொஞ்சம் மேட்டில் போட்டாலே பாதி குறையும்.

கொளுக்குமலையில் காற்றில் கம்பி இரண்டாகப் பிளந்துவிட்டது. அலுமினியக் கம்பி டென்ட் வாங்கவா? (மதுரை)

தோளில் சுமந்து நடப்பவர் என்றால் வாங்குங்கள், எடை குறைவு, வளைந்தாலும் நிமிர்த்திக்கொள்ளலாம். வண்டியில் போகிறவருக்கு ஃபைபர் கம்பி போதும். ஃபைபர் நீளவாக்கில் சிம்பு சிம்பாகப் பிளக்கும், வெறும் கையால் தொடாதீர்கள், மூங்கில் சிலாம்பை விட மோசம். கம்பிக்கு மேல் நுழைகிற அளவில் ஒரு சாண் அலுமினியக் குழாயும் டேப்பும் பையில் இருந்தால் அங்கேயே சரிசெய்யலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பக்கவாட்டுக் கயிறுகளைக் கட்டினீர்களா? எனக்குத் திரும்பி வருகிற டென்டுகளில் அந்தக் கயிறு கடைக்காரர் சுற்றிய சுற்றோடு அப்படியே இருக்கும். காற்றைத் தாங்குவதே அந்தக் கயிறுதான். கூடவே வருகிற ஈர்க்குச்சி மாதிரி ஆணிகளைத் தூக்கிப்போட்டு, 10 நல்ல ஆணி தனியாக வாங்குங்கள். டென்டின் ஒடுக்கமான பக்கம் காற்றைப் பார்த்திருக்கட்டும். யூகலிப்டஸ் மரத்தடியில் மட்டும் போடாதீர்கள், கிளை எப்போது விழும் என்று அதற்கே தெரியாது.

ஊட்டிக் குளிருக்கு உள்ளே ஒரு சட்டியில் கரி போட்டு வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. கரி கனியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கியவர் எழ மாட்டார். கேஸ் அடுப்பும் உள்ளே வேண்டாம். டென்ட் குளிரைத் தடுக்கிற பொருளே இல்லை, காற்றையும் மழையையும்தான் தடுக்கும். குளிர் கீழே தரையிலிருந்து ஏறுகிறது, அதனால் காசு மிச்சம் இருந்தால் அடியில் போடுகிற நுரைப் பாயில் போடுங்கள்.

டென்டுக்கு அடியில் தார்ப்பாய் விரிக்கலாமா?

விரியுங்கள் அக்கா, ஆனால் டென்டைவிட ஒரு சாண் சின்னதாக மடித்து. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை வாங்கி நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து விடும்.

அனுமதி?

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் போடவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் இறந்த பிறகும் இதைக் கேட்க வேண்டியிருப்பது ஆச்சரியம்தான். எஸ்டேட், தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டு.

இரண்டு வருடம் பீரோ மேல் வைத்திருந்த டென்டை எடுத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது, வாந்தி நாற்றம். துவைத்தால் போகுமா?

போகாது. உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரத்தில் சிதைந்துவிட்டது. ஈரமாகவே மடித்து வைத்திருக்கிறீர்கள். நானும் இப்படித்தான் இழந்தேன். ஒரு கல்லூரிக் குழு ஞாயிறு ராத்திரி மழையோடு கொண்டுவந்து கொடுத்தது, நாளைக்குக் காயப்போடலாம் என்று மூலையில் வைத்தேன், அந்த நாளை வர மூன்று வாரமானது. ஆறு டென்ட். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கொடியில் நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் வேண்டாம், நம் வெயில் துணியை உதிர வைத்துவிடும். பைக்குள் இறுக்கித் திணிக்காமல் ஒரு பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

உங்களுடையதில் மேல் கவரும் பிசுபிசுக்கிறதா, தரைத் துணி மட்டுமா? கவர் நன்றாக இருந்தால் டென்டைத் தூக்கிப்போட வேண்டாம். தரைக்கு மேல் ஒரு தார்ப்பாய் போட்டு இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம், நாற்றத்துக்குத்தான் என்னிடம் மருந்து இல்லை.