மலையகத்தில் வீட்டுப் பின்பக்கம் நாய்களுக்காகச் செயற்கைப் புல் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஹட்டன் பக்கம் வீடு, பின்னால் மண்வெட்டிய சரிவு, இரண்டு நாய்கள். மே மாதம் பிறந்தால் சேறு சமையலறை வரைக்கும் வருகிறது. செயற்கைப் புல் விரித்தால் தீருமா?

தீரும். ஆனால் ஒதுக்கி வைத்திருக்கும் காசில் பெரும்பங்கை முதலில் மண்ணுக்கடியில் போட மனம் இருந்தால் மட்டும். என் மாமா மேசன் பாஸ். கொந்தராத்து எடுத்து இந்த வேலையும் செய்கிறார், கணக்குவழக்கு நான் பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் புல்லின் நிறத்தைப் பார்ப்பதில் நாள்கணக்காகச் செலவிடுகிறார்கள், அடியில் என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. "தண்ணிக்கு வழி விடாம மேல என்னத்த விரிச்சாலும் புண்ணியமில்ல" என்பது மாமா எல்லா வீட்டிலும் சொல்வது.

முதலில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டால் நல்லது. மறுநாள் காலையிலும் கலங்கிக்கொண்டு நின்றால் அது களிமண். நம் பக்கம் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். அப்படியென்றால் மேல்மண்ணை நான்கு அங்குலமாவது எடுத்துவிட்டு, ஓட்டை போட்ட பைப்பைக் கானுக்குச் சாய்வாகப் பதிக்க வேண்டும். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுப்பது), பிறகு முக்கால் அங்குலக் கல், பிறகு சிப்ஸ் எனும் சின்னக் கற்சில்லு, ஒவ்வொன்றையும் நன்றாக இடித்து இறுக்கி. ஒரு மீற்றருக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் சாய்வு போதும், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். சிலர் மலிவென்று கல்தூளைக் கனமாகக் கொட்டி மட்டம் பிடிப்பார்கள். மனிதர் நடக்க அது சரி. நாய்க்குச் சரிவராது, தூள் இறுகி மூத்திரத்தைக் கீழே விடாது.

அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்றும் பாருங்கள். கீழ்வீட்டுக்காரர்கள் ஊற்றிலோ பீலியிலோ தண்ணீர் பிடித்தால் கானைத் திருப்பித்தான் ஆக வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரத்திலும் வரலாம். நாய்களுக்கு அதற்கான தடுப்பூசி இருக்கிறது, போட்டிருக்கிறீர்களா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

கடையில் புல்லைத் தடவிப் பார்க்காதீர்கள், திருப்பிப் பாருங்கள். மலிவான றோல்களின் அடிப்பக்கம் கறுப்பு லேடெக்ஸ் பூசி, இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன ஓட்டை குத்தியிருக்கும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் விழுகிற மூத்திரம் போக வழியில்லாமல் அங்கேயே ஊறும், நாளடைவில் லேடெக்ஸே நாறும். முழுப்பரப்பிலும் நீர் கசிகிற அடிப்பாகம் உள்ளதும் விற்பனைக்கு வருகிறது. நாய்க்கு அதுதான். ஒரு கோப்பைத் தண்ணீரைப் புல் துண்டின்மேல் ஊற்றச் சொல்லுங்கள், கடைக்காரர் முகத்திலேயே பதில் தெரியும். இழையின் உயரம் 25 முதல் 30 மில்லிமீற்றர் போதும். அதைவிட நீளமானது பஞ்சுமெத்தை மாதிரி இருக்கும், மலத்தை அள்ளியெடுக்கப் படாத பாடு பட வேண்டும்.

நாற்றம் பற்றி எல்லோரும் சொல்வது, "இங்கே எந்த நேரமும் மழைதானே, தானாகக் கழுவிவிடும்" என்று. கொட்டுகிற மழை கழுவும். சாரலும் மூடுபனியும் கழுவாது, நனைத்து மட்டும் வைக்கும். மூத்திரத்திலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்றுவதற்கு அந்த ஈரம் நல்ல வசதி. ஆகவே தினமும் ஹோஸ் பிடித்து அடியுங்கள், வாரத்துக்கொரு முறை நொதிக் கரைசல் (மூத்திர நாற்றத்தை உடைக்கிற என்சைம் திரவம்) போடுங்கள். ப்ளீச் மட்டும் வேண்டவே வேண்டாம். அமோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கிற நச்சுவாயு வரும், முகத்தைத் தரையில் வைத்திருப்பது நாய்தான். நிழலான மூலையில் பாசி பிடிக்கும். தும்புத்தடியால் இழைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளித் தேய்த்தால் விட்டுவிடும்.

இழைகளுக்கு நடுவே போடும் மணல், கழுவிய சிலிக்கா மணலாக இருக்கட்டும். ஆற்று மணலில் வண்டல் இருக்கும், அடைத்துக்கொள்ளும். சியோலைட் என்ற கனிமத் துகள் கிடைத்தால் அமோனியாவைக் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

சரிவு என்று எழுதியிருப்பதால் இன்னொன்று. பின்னால் தாங்குசுவர் இருந்தால் அதன் நீர்வடி துளைகளை மண்ணாலோ புல்லின் ஓரத்தாலோ மூடிவிடாதீர்கள். சுவரில் வெடிப்போ புடைப்போ இருந்தால் இந்த வேலையை நிறுத்திவிட்டு, மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். வெறும் சரிவாக உள்ள பகுதியில் புல் விரிப்பதையும் நான் விரும்பமாட்டேன். அங்கே வெட்டிவேர் நடுங்கள், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

வேலை தொடங்கும் காலமும் முக்கியம். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் மண் கொஞ்சம் காயும். புல் துண்டுகள் சேரும் மூட்டுக்குப் போடுகிற பசை ஈரத்தில் பிடிக்காது. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கணக்கு வேறு, அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காற்று. ஆனால் அந்தப் பக்கம் நண்பகல் வெயிலில் பிளாஸ்டிக் புல் சுடும். புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு நாயை விடச் சொல்லுங்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் முழுவதும் விரிக்கமாட்டேன். படியிலிருந்து பாதி வரைக்கும் புல், கடைசி மூலையில் சிப்ஸ் மட்டும் கொட்டிய ஒரு கட்டம், மூத்திரத்துக்கு. பழைய இடத்து மண்ணில் ஒரு கைப்பிடியை அங்கே போட்டால் நாய் மோப்பம் பிடித்துப் பழகிவிடும். ஓரத்தை ஆணியில் மட்டும் விடாமல் சீமெந்து வரம்பு கட்டி அதற்குள் இறக்குங்கள், தோண்டுகிற நாய் முதலில் கைவைப்பது மூலையில்தான். இரண்டில் ஒன்று குட்டியென்றால் பல் மாறி முடியும் வரை பொறுங்கள், கடித்துப் பிய்த்த பிளாஸ்டிக் இழை வயிற்றுக்குள் போனால் வைத்தியச் செலவு புல்லின் விலையைத் தாண்டிவிடும்.