கடாரம் பக்கம், எரிமலை தூரமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்புக்கு எரிமலைப் பாடம் நடத்தினேன். ஒரு மாணவி, “நம்ம பக்கம் குன்றுகூடக் கிடையாது சார், இத எதுக்குப் படிக்கணும்?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நம் பிள்ளைகளுக்கு ஆறும் வண்டலும் போதாதா? சில மலைகள் மட்டும் ஏன் வெடிக்கின்றன என்பதையும் எளிதாக விளக்க முடியவில்லை. சுமத்ராத் தீவின் தோபா எரிமலை மறுபடி வெடித்தால் தமிழ்நாடே சாம்பலில் புதைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது, அது உண்மையா? எரிமலைச் சாம்பல் நல்ல உரம் என்கிறார்களே?

ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தம்பி,

முதலில் சோற்றுப்பானை. வெறும் தண்ணீர் கொதித்தால் குமிழி மேலே வந்து உடையும், அவ்வளவுதான். அரிசி வெந்து கஞ்சி கெட்டியானதும் அதே குமிழிகள் உடைய முடியாமல் நுரையாகத் திரண்டு மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கும். பாறைக் குழம்பும் அப்படித்தான். ஹவாயில் அது நீர்த்த குழம்பு, பெரும்பாலும் வழிந்து ஓடிவிடும். ஜாவா, சுமத்ரா பக்கத்துக் குழம்பில் மணலில் இருக்கும் சிலிக்கா அதிகம், அதனால் பிசுபிசுப்பு. மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, உள்ளே கரைந்திருந்த நீராவி பிரிகிறது. வெளியேற வழியில்லாமல் மலையையே உடைத்துக்கொண்டு வருகிறது.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? இந்துமாக்கடலின் தரை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வேகத்தில் அந்தத் தீவுகளுக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கிறது. ஈரப் பாறையோடு போகிறது. ஆழத்தில் அந்த ஈரம் பிரிந்து மேலேயுள்ள சுடுபாறையில் கலக்கும்போது, பாறை உருகுவதற்கான வெப்பம் குறைந்துவிடுகிறது. குழம்பு அப்படித்தான் உண்டாகிறது.

தோபா வெடித்தது சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன். அதன் சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் இன்றும் மண்ணுக்குள் கிடக்கிறது. அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் கல்லாயுதங்கள், மேலேயும் கல்லாயுதங்கள். மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். காணொளியை யாருக்கும் அனுப்பாதீர்கள். சாம்பல் உரமாக மாற நெடுங்காலம் ஆகும், உங்கள் வயலுக்கு வண்டல் போதும்.

சரி, இப்போது உங்களோடு சண்டை. மாணவி கேட்டதில் தவறில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் அப்படித்தான் கேட்பாள். “எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது” என்று ஓர் ஆசிரியர் எழுதலாமா? இராஜேந்திரன் 1025இல் கடாரம் கொண்டதை எப்படிப் பாடம் நடத்துகிறீர்கள்? பெருமையாகத்தானே? சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை கட்டினான், இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக் கொடுத்தான். அப்போதெல்லாம் சுமத்ரா நமக்குப் பக்கத்து வீடு. அந்த மண் வெடித்தது என்றால் மட்டும் அது யாரோ ஒருவர் ஊரா? வெற்றியை மட்டும் நம் கணக்கில் எழுதிக்கொள்ளும் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

ஆறு போதும் என்கிறீர்கள். அந்த ஆறு எதை நம்பி வருகிறது? குடகு மழையை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தபோது கந்தகம் மேகங்களுக்கும் மேலே போய் நுண்துளிகளாக மாறி வெயிலை மறைத்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லை, பயிர் விளையவில்லை. இங்கே பருவமழை தடுமாறியது. நிலம் சரியாகச் சூடேறாவிட்டால் கடற்காற்றுக்கு இழுப்பு ஏது? ஜூன் 12 எப்போது வரும், மேட்டூர் திறப்பார்களா என்று காத்திருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, தூரத்து மலை நமக்கெதற்கு என்று கேட்கக் கூடாது தம்பி.

அப்புறம் 1883. ஆகஸ்ட் 27 காலையில், ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலிருந்த கிரகத்தோவா எரிமலை சிதறியது. 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் மொரிஷியஸ் பக்கத்து ரோட்ரிகஸ் தீவில் அந்தச் சத்தம் கேட்டது. 36,000 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் அலையில். செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. கடல் ஏறி இறங்குவதைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவி ஒன்று அப்போது நாகப்பட்டினத்தில் இருந்தது. அந்த அலையை அது வரைந்து வைத்தது. சுமத்ரா குறுக்கே நின்றதால் இங்கே வந்து சேர்ந்தது சிறு அலைதான். ஆனாலும் வந்தது.

2004 டிசம்பர் 26க்கு மறுநாள் மன்னார்குடியிலிருந்து வேனில் சோற்றுப் பொட்டலங்களோடு நாகைக்குப் போனேன். இந்த முறை எரிமலை இல்லை, பூகம்பம். ஆனால் அதே கடல்தரை, அதே தீவுக்கு அடியில் போகும் இடம். சுமத்ராவின் வடமுனையிலிருந்து அந்தமான் வரை பிளந்தது, அலைக்கும் நமக்கும் நடுவில் மறைப்பு இல்லை. மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கீச்சாங்குப்பத்தில் கவிழ்ந்த படகு ஒன்றின் நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை. “படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இப்புடி முன்னாடி எப்பவாவது வந்திருக்கா தம்பி?” என்று கேட்டார்.

“இல்லைங்கய்யா, வந்ததே இல்லை” என்றேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன்.

அவர் ஊர்க் கருவி 1883இல் வரைந்த அந்த அலைக்கோடு பற்றி நான் படித்தது நான்கு ஆண்டுகள் கழித்து. அதற்குள் கடல்நீர் புகுந்த வயல்களில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழையும் பெய்து உப்பு இறங்கத் தொடங்கியிருந்தது. கீச்சாங்குப்பத்துக்கு அந்தப் பெரியவரைத் தேடிக்கொண்டு போனேன். பலர் புதுக் குடியிருப்புகளுக்கு மாறிவிட்டார்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். இரண்டு இடங்களில் கேட்டேன். பெயர் தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு நான் அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை.