ஸ்கேன் படம் எடுக்கணுமா, அதப் பாத்து நோயக் கண்டுபிடிக்கணுமா? மொதல்ல பொண்ணுகிட்ட இத கேளுங்க

அம்மா, உங்க கவலை புரியுது. மெடிக்கலுக்கே மார்க் இருக்கு, ஆனா பொண்ணு ரேடியோகிராஃபி, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்குற படிப்புக்குப் போறேன், பிறவியிலேயே நுரையீரல் கோளாறோட பொறக்குற குழந்தைங்களுக்கு ஸ்கேன் எடுக்கணும்ங்குறா, அது சும்மா பட்டன் அமுக்குற வேலைதானேன்னு கேக்குறீங்க.

பட்டன் வேலை இல்லம்மா. ஒரு மாசக் குழந்தைய சிடி மெஷின்ல படுக்க வெச்சு மூச்ச அடக்குடான்னு சொல்ல முடியுமா? வயிறு நிறைய பால் குடுத்து, துணியில சுத்தி, அசந்து தூங்குற நேரம் பாத்து எடுப்பாங்க, பல நேரம் மயக்க மருந்தே வேண்டாம். அப்புறம் சீக்வெஸ்ட்ரேஷன்னு ஒரு கோளாறு, நுரையீரல்ல ஒரு துண்டு மூச்சுக்குழாயோட சேராம தனியா கெடக்கும், அதுக்கு ரத்தம் பெரும்பாலும் நேரா அயோர்ட்டாங்குற இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய்ல இருந்து வரும், சில பேருக்கு வயித்துப் பக்கம் கிளம்பி நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத்த தாண்டி மேல ஏறும். அதனால நெஞ்சோட நிறுத்தாம மேல்வயிறு வரைக்கும் எடுக்கணும், ரத்தக்குழாய படத்துல பளிச்சுன்னு காட்டுற கான்ட்ராஸ்ட் மருந்து தமனியில ஓடுற அந்த சில செகண்டுக்குள்ள எடுக்கணும். அந்தக் குழாய் படத்துல விழலேன்னா ஆபரேஷன் டேபிள்ல சர்ஜனுக்கு ஆபத்தான சர்ப்ரைஸ். இதெல்லாம் கதிர்வீச்சு முடிஞ்ச வரைக்கும் கம்மியா வெச்சு பண்ணணும், 2008ல இதுக்குன்னே இமேஜ் ஜென்ட்லின்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க.

இது எடுக்குற பக்கம். படத்தப் பாத்து என்னன்னு சொல்ற பக்கம் வேற. பிறவி லோபார் எம்ஃபிசீமா, அதாவது நுரையீரல்ல ஒரு பகுதி காத்து அடைச்சு உப்பிப்போற கோளாறு இருக்குற குழந்தைக்குப் பொறந்த உடனே எக்ஸ்ரே எடுத்தா அந்த இடம் வெள்ளையா தெரியலாம், உள்ள இன்னும் தண்ணி வடியல, தண்ணி வடிஞ்சு காத்து அடைச்சுக்கிட்டதும் அதே இடம் கறுப்பா மாறிடும். நெஞ்சுக்குள்ள குமிழ் குமிழா தெரிஞ்சா அது சிபிஏஎம்ங்குற நுரையீரல்லயே பிறவியில வர்ற கட்டியா, இல்ல உதரவிதான ஓட்டை வழியா மேல ஏறுன குடலான்னு பிரிச்சு சொல்லணும். இத சொல்றவங்க ரேடியாலஜிஸ்ட், அதாவது டாக்டர் படிப்பு, அப்புறம் ரேடியாலஜி, அப்புறம் குழந்தைங்க ரேடியாலஜி, மொத்தமா பத்து வருஷத்துக்கு மேல ஓடிரும். ரேடியோகிராஃபி மூணு நாலு வருஷம்.

ஏஐ வந்து எல்லாத்தையும் முழுங்கிடும்னு பயப்படாதீங்க, இதெல்லாம் அபூர்வமான கேஸ், அது கத்துக்கிறதுக்கே படங்க கம்மி. ஆனா அபூர்வம்ங்குறது இவளுக்கும் பொருந்தும், எந்தப் பக்கம் போனாலும் ஆரம்பத்துல பெரியவங்க எக்ஸ்ரேவோடதான் மல்லுக்கட்டணும், அத இப்பவே சொல்லிடுங்க.

கேட்டுப் பாருங்க. குழந்தைய தூங்க வெச்சு படம் எடுக்குறதுலதான் ஆசைன்னா தாராளமா விடுங்க. அந்தப் படத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் ஆசைன்னா மெடிக்கல் சீட்ட விட்டுடாதீங்க.