மருத்துவ ஆராய்ச்சிக்குப் போக எம்பிபிஎஸ் மட்டும்தான் வழியா? நீட் எழுதிய மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள். இரண்டாவது முறை மதிப்பெண் கூடியும் அரசு இடத்துக்கான கட்-ஆஃபைத் தொடவில்லை. சொந்தக்காரர்கள் இன்னொரு வருடம் கோச்சிங் போகட்டும் என்கிறார்கள். அவள் அப்பா நிலத்தை விற்றாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார். இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில், "அவள் மட்டும் டாக்டர் ஆகணும்னு சொல்லலை, நோய் ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கணும்னு சொல்றா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. அவள் ஆசைப்படுவது ஆராய்ச்சிக்கு. வீட்டில் நடக்கும் பேச்சு முழுவதும் சீட்டைப் பற்றி.

அதனால் மருத்துவ ஆராய்ச்சி இப்போது எப்படி நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று முதலில் சொல்கிறேன். பக்கத்திலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஹீமோபிலியா என்ற நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரத்தம் உறைவதற்குத் தேவையான ஒரு புரதம் உடலில் உருவாகாது. சின்ன அடி பட்டாலும் மூட்டுக்குள் இரத்தம் கசியும், பல நாள் வலிக்கும், வயதாக ஆக மூட்டே பாழாகும். அந்தப் புரதத்தை ஊசி மூலம் வாழ்நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் அங்குள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இதற்கு ஒரு மரபணு சிகிச்சையை முயன்று பார்த்தன. நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களை, அதாவது புது இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை வெளியே எடுத்து, தீங்கு செய்யாதபடி மாற்றிய ஒரு வைரஸின் உதவியால் சரியான மரபணுவை அவற்றுக்குள் ஏற்றி, திரும்ப அவர் உடலுக்குள்ளேயே செலுத்தினார்கள். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு இந்தச் சிகிச்சை கிடைத்தது. அதன் பிறகு அவர்களைக் கண்காணித்த காலம் முழுவதும் ஒருவருக்குக்கூட இரத்தக்கசிவு வரவில்லை. உலகின் முதன்மையான மருத்துவ இதழ்களில் ஒன்றான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2024 டிசம்பரில் அந்த முடிவுகள் வெளிவந்தன.

இப்படி ஒரு வேலைக்கு எத்தனை வகை ஆட்கள் தேவை என்று யோசித்துப் பாருங்கள். நோயாளியைப் பார்த்து, சிகிச்சைக்கு ஏற்றவரா என்று முடிவெடுக்க இரத்தநோய் மருத்துவர் கட்டாயம் வேண்டும். அந்த வைரஸை வடிவமைப்பது மூலக்கூறு உயிரியல் படித்தவர்களின் வேலை. தூசி கூட நுழையாத அறையில் செல்களை வளர்ப்பவர்கள் பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி பின்னணியிலிருந்து வருவார்கள். ஒவ்வொரு தொகுதியும் சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்கத் தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் இருப்பார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ன அளக்க வேண்டும், வந்த எண்களை எப்படி நம்புவது என்று சொல்ல உயிர்ப்புள்ளியியல் படித்தவர் வேண்டும். நோயாளியின் குடும்பத்துக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் வாங்கி, தேதி தவறாமல் வரவழைக்கும் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் இல்லாவிட்டால் இதில் ஒன்றும் நகராது. இவர்களில் எம்பிபிஎஸ் கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் சிலர்தான்.

இது ஒரு ஊருக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. இரத்தப் புற்றுநோய்க்கு இந்தியாவிலேயே உருவாகி 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற முதல் கார்-டி செல் சிகிச்சை (நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றிப் புற்றுநோயைத் தாக்க வைப்பது) மும்பை ஐஐடியிலும் டாடா மெமோரியல் மருத்துவமனையிலும் சேர்ந்து வளர்ந்தது. 2023இல் மருத்துவ நோபல் பெற்ற கட்டலின் கரிக்கோ ஹங்கேரியில் உயிர்வேதியியல் படித்தவர். கொரோனா தடுப்பூசிக்கு அடித்தளமான எம்ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) ஆய்வை அவர் தொடர்ந்த விதம் உங்கள் மகள் படித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. நிதி கிடைக்காமல், பதவி இறக்கம் வரை அனுபவித்தும் அதை விடாதவர். 2024இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட டெமிஸ் ஹசாபிஸ் கணினி அறிவியல் படித்தவர். புரதங்கள் எந்த வடிவத்தில் மடியும் என்று கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு அவரும் ஜான் ஜம்பரும் வழிநடத்திய குழு உருவாக்கியது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை எடுத்துக்கொண்டால், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாராகும் இடமான ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் நோபல் பெற்றார்.

ஆராய்ச்சி என்றாலே ஆய்வகக் குழாயும் நுண்ணோக்கியும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த சமீபத்திய இந்திய ஆய்வு அரிசியும் பருப்பும் சம்பந்தப்பட்டது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடவே சத்து மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு. உணவு கூடுதலாகக் கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2023இல் லான்செட் குழும இதழ்களில் வந்தது. மருந்துக் கடையில் வாங்க முடியாத ஒரு தடுப்பு முறையை எண்களோடு நிறுவிக் காட்டிய வேலை அது. வீடு வீடாகப் போய் எடை பார்த்த களப் பணியாளர்கள், ஊட்டச்சத்து தெரிந்தவர்கள், புள்ளியியலாளர்கள் எல்லோரும் சேர்ந்தால்தான் இப்படி ஒன்றைச் செய்ய முடியும். சென்னைக்கும் காசநோய் ஆராய்ச்சிக்கும் பழைய உறவு உண்டு. காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது இங்கே சேத்துப்பட்டில் இருக்கும் நிறுவனம்தான்.

சரி, இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

மூன்றாவது முறை நீட் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளிடம் தனியாக உட்கார்ந்து ஒன்று கேளுங்கள். நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்க, அவர் கையைப் பிடித்துப் பார்த்து, இப்போதே ஒரு முடிவு சொல்ல வேண்டிய வேலை அவளுக்குப் பிடிக்குமா? அல்லது ஒரே கேள்வியை மாதக்கணக்கில் விடாமல் துருவுவது பிடிக்குமா? முதலாவதுதான் என்று சொன்னால், கட்-ஆஃபுக்கும் அவள் மதிப்பெண்ணுக்கும் இடைவெளி குறைவாகவும் இருந்தால், இன்னொரு முயற்சியில் அர்த்தம் இருக்கிறது. மருத்துவராகி ஆராய்ச்சிக்கு வருகிறவர்களும் நிறைய வேண்டும், அந்த வழியும் நல்ல வழிதான். இரண்டாவது என்று சொன்னால், இன்னொரு வருடம் நீட்டுக்குக் கொடுப்பது அவளுக்குப் பெரிய இழப்பு. ஏனென்றால் ஆராய்ச்சிப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வுகளில் +2 முடித்து இத்தனை ஆண்டுக்குள் எழுத வேண்டும் என்ற வரம்பு உண்டு. அதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

நிலத்தை விற்பது பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்பிபிஎஸ் கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆராய்ச்சிதான் அவள் ஆசை என்றால் அவ்வளவு பெரிய கடன் அவளை ஆராய்ச்சிக்கே போகவிடாது. படித்து முடித்ததும் கடனை அடைக்கிற வேலையைத்தான் தேட வேண்டிவரும். தயவுசெய்து அந்த நிலத்தை விற்காதீர்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது ஐசர் (IISER) எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். நாட்டில் ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கம் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்து ஆண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பு, கடைசி ஆண்டு முழுக்க ஆராய்ச்சி. இதற்கு ஐஏடி (IAT) என்ற நுழைவுத் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) நான்கு ஆண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கும், சென்னை ஐஐடி 2023இல் தொடங்கிய மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பிஎஸ் படிப்புக்கும் இதே தேர்வு பயன்படுகிறது. சென்னை ஐஐடி என்றாலே ஜேஇஇ வேண்டும் என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் பலர். இதே போன்ற இன்னொரு அறிவியல் நிறுவனமான புவனேசுவரம் நைசருக்கு (NISER) நெஸ்ட் (NEST) என்று தனித் தேர்வு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐஏடியில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் சமமாகக் கேள்வி வரும். நீட்டில் கணிதம் கிடையாது. உங்கள் மகள் +1, +2வில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்திருந்தால் கவலை இல்லை, தூசி தட்டினால் போதும். பியூர் சயின்ஸ் எடுத்து இரண்டு வருடம் கணிதத்தைத் தொடாமல் இருந்திருந்தால் அந்தப் பகுதியில் மதிப்பெண் குறையும். மற்ற மூன்றிலும் நீட்டுக்குப் படித்தது அப்படியே கைகொடுக்கும். கணிதத்தைப் பயந்து ஒதுக்கிவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். இன்றைய உயிரியலில் எண்களிலிருந்து தப்பிக்க முடியாது. பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதை வைத்து ஏதாவது கண்டுபிடிக்கப் போகிறவர்கள் கணினி நிரலும் புள்ளியியலும் கொஞ்சமாவது தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்தத் தேர்வுகள் கைகூடவில்லை என்றாலும் வழி இருக்கிறது. நல்ல கலை அறிவியல் கல்லூரியில் பிஎஸ்சி விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ஏன், புள்ளியியல் கூடச் சேரலாம். அப்புறம் கேட்-பி (GAT-B) என்ற நுழைவுத் தேர்வு எழுதி மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை ஆதரிக்கும் எம்எஸ்சி இடங்களுக்குப் போகலாம். வேலூர் சிஎம்சியில் எம்எஸ்சி உயிர்ப்புள்ளியியல் இருக்கிறது. கல்லூரி எப்படி என்று பார்க்கும்போது கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். முதலாண்டு மாணவிகளுக்கு ஆய்வகத்தில் வாரம் எத்தனை மணி நேரம், கருவிகளை மாணவர்கள் தொடலாமா, கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் தேசிய நிறுவனங்களுக்கு மேற்படிப்புக்குப் போனார்கள் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

பெயரில் "பயோ" இருக்கிறது என்பதற்காக எதிலும் சேர்த்துவிடாதீர்கள். வெறும் பிடெக் பயோடெக்னாலஜியோடு நின்றுவிட்டு ஆராய்ச்சி வேலை தேடுகிறவர்கள் திணறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். இந்தத் துறையில் இளநிலைப் பட்டம் தொடக்கம்தான். முதுநிலையும் பெரும்பாலும் பிஎச்டியும் தேவைப்படும். அதேபோல, ஆறு மாதத்தில் "கிளினிக்கல் ரிசர்ச்" டிப்ளமோ, நூறு சதவீத வேலை என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கும் தனியார் மையங்களிடம் பணம் கட்டும் முன் ஒருமுறை என்னிடமாவது கேளுங்கள்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஏமாற்றமாக இருக்கக் கூடாது. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் எனப்படும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்று பிஎச்டி சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு ஆண்டு கழித்து 42,000, தகுதி இருந்தால் வீட்டு வாடகைப்படியும் சேரும். பிஎச்டிக்கு ஐந்து, ஆறு ஆண்டு ஆகும். நிலையான வேலை முப்பது வயதைத் தாண்டித்தான் பலருக்கு அமைகிறது. கல்யாணப் பேச்சு வரும்போது "இன்னுமா படிக்கிறா?" என்ற கேள்வியை நீங்கள்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். கண்டுபிடிப்புக்கு உடனே பேரும் வராது. ஒரு மில்லிமீட்டர் புழுவை வைத்து, மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறைக் கண்டறிந்து 1993இல் வெளியிட்ட விக்டர் ஆம்புரோசுக்கும் கேரி ரவ்குனுக்கும் நோபல் வந்தது 2024இல். இதையெல்லாம் மகளிடமும் சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவளுக்கு இதுதான் வேண்டும் என்றால் நீங்கள் தைரியமாகத் துணை நில்லுங்கள். இந்த வேலைக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் நமக்கு மிகவும் தேவை.

இப்போதைக்கு அவள் செய்ய வேண்டியது இரண்டு. ஐஏடியின் பழைய வினாத்தாள்களை எடுத்து, நேரம் வைத்து ஒன்று எழுதிப் பார்க்கட்டும். வழக்கமாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் விண்ணப்பம் திறந்திருக்கும். அப்புறம், நான் மேலே சொன்ன ஆய்வுகளில் அவளுக்குப் பிடித்த ஒன்றின் சுருக்கத்தைத் தேடிப் படித்து, புரியாத இடங்களைக் குறித்து வைக்கட்டும். அந்தத் தாளோடும் +2 மதிப்பெண் பட்டியலோடும் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் அப்பாவும் வரட்டும், நிலத்தைப் பற்றி நானே அவரிடம் பேசுகிறேன்.