கார்னேஷன் பூக்களுக்கு அப்புறம்

அன்புள்ள ஐயா,

2011இல் தஹ்ரீர் சதுக்கத்துக் கூட்டத்தை டிவியில் பார்த்துக் கண் கலங்கியவன் நான். இரண்டே வருடத்தில் எகிப்தில் மறுபடியும் ராணுவம். புரட்சி செய்துவிட்டு அமைதியாக வாழ்ந்த நாடு ஒன்றாவது உண்டா? அங்கே அப்படி என்ன செய்தார்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உண்டு. போர்ச்சுகல். வேடிக்கை என்னவென்றால், அங்கே புரட்சி செய்ததே ராணுவம்தான்.

ஆப்பிரிக்கக் காலனிகளில் 13 வருடம் முடியாத போரை நடத்திச் சலித்துப்போன கேப்டன்கள், 1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பன் தெருக்களில் இறங்கினார்கள். சர்வாதிகாரி சலாசர் நிறுவிய ஆட்சி ஒரே நாளில் விழுந்தது. துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூ செருகிய சிப்பாய்களின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். (கோவா இந்தியாவுடையது என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டதும் அந்த வருடக் கடைசியில்தான்.)

நாம் அந்தப் படத்தோடு கதையை முடித்துவிடுகிறோம். உண்மையில் அதற்கப்புறம்தான் தள்ளாட்டம். இரண்டு வருடத்தில் ஆறு தற்காலிக அரசுகள். தெற்கே கூலி ஆட்கள் பண்ணைகளைக் கைப்பற்றினார்கள். வடக்கே கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகங்களுக்குத் தீ வைத்தார்கள். காலனிகளை விட்டு லட்சக்கணக்கானோர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் தேர்தலைக் கைவிடவில்லை. சரியாக ஒரு வருடத்தில், 1975 ஏப்ரல் 25 அன்று, அரசியல் நிர்ணய சபைக்கு வாக்கெடுப்பு. 90 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். தெருவில் பெரும் பலத்தோடு தெரிந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது சுமார் 12 சதவீதம், சோஷலிஸ்டுகளுக்கு 38. ‘மக்கள் என் பக்கம்’ என்று அதன்பின் யாரும் சும்மா அடித்துவிட முடியவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், விஷயம் இருப்பது அந்த நவம்பரில். தீவிர இடதுசாரிப் படைப்பிரிவுகள் கிளர்ந்தெழ, ராணுவத்திலேயே இருந்த மிதவாதிகள் அடக்கினார்கள். அடக்கிய கையோடு கம்யூனிஸ்ட் கட்சியையும் ஒழித்துக்கட்ட வேண்டும் என்ற குரல் கிளம்பியது. மறுநாளே மெலோ அந்தூனிஷ் என்ற அதிகாரி, வென்ற அணியைச் சேர்ந்தவர், தொலைக்காட்சியில் வந்து, அந்தக் கட்சியும் தேவை என்றார். கட்சி பிழைத்தது, அடுத்த தேர்தலிலும் நின்றது. எகிப்தில் நடந்தது இதற்கு நேர்மாறு: 2013இல் தேர்தலில் வென்ற அரசைக் கவிழ்த்தவர்கள், கவிழ்ந்தவர்களின் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தையே பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தார்கள். தேர்தலில் தோற்றால் ஜெயில் என்று ஆகிவிட்டால், யார் தோற்கச் சம்மதிப்பார்கள்?

ராணுவமும் உடனே பாசறைக்குத் திரும்பிவிடவில்லை. 1976 அரசியல் சட்டத்திலேயே ராணுவத்தினர் ஆதிக்கத்தில் ஒரு புரட்சிக் கவுன்சில் இருந்தது. சட்டங்களைத் தடுக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. அதைக் கலைக்க 1982 வரை ஆனது. எனக்கும் இது உறுத்தல்தான். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவனை ஒரே ராத்திரியில் வெளியே போ என்றால் போவானா? நவம்பர் கிளர்ச்சியை அடக்கிய தளபதி இயானிஷே ஜனாதிபதியானார், இரண்டு முறை. 1986இல் பதவிக்காலம் முடிந்ததும், தேர்தலில் வென்ற மரியு சோரிஷிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார். சோரிஷ் ராணுவச் சீருடை போட்டவரல்ல, வக்கீல்.

அன்புடன்