கொடுமை, வதை, இம்சை: எந்தச் சொல் எங்கே?

கொடுமை, துன்புறுத்தல், சித்திரவதை மூன்றும் ஒன்றுதானே? எழுதும்போது எதை எங்கே போடுவது?

ஒன்றல்ல. மூன்றில் அகலமானது ‘கொடுமை’. செய்பவர் யாரும் இல்லாமலும் கொடுமை உண்டு: பசிக்கொடுமை, வெயில் கொடுமை, முதுமையில் தனிமைப்படும் கொடுமை. துன்புறுத்தல் அப்படியில்லை. ‘துன்புறு’ என்றால் தான் படுவது, ‘துன்புறுத்து’ என்றால் இன்னொருவரைப் படுத்துவது. ஆகவே துன்புறுத்தல் என்று எழுதினாலே செய்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

சித்திரவதைக்கு இதற்கு மேலும் வேண்டும். தப்பிப் போக முடியாத நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு, தெரிந்தே கடும் வலி கொடுப்பது அது. சித்திரவதைக்கு எதிரான 1984-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை இன்னும் குறுக்குகிறது: உடலுக்கோ மனத்துக்கோ கடும் வேதனை, வேண்டுமென்றே செய்தது, வாக்குமூலம் வாங்குவது, தண்டிப்பது, மிரட்டுவது போன்ற ஒரு நோக்கம், அரசு அதிகாரியின் கையோ சம்மதமோ. தெருச்சண்டையில் விழுந்த அறையைச் சித்திரவதை என்று எழுதினால், காவலில் ஒருவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டதைச் சொல்ல நம்மிடம் சொல் மிஞ்சாது.

வேற்றுமை உருபிலும் கவனம் தேவை. ‘அவளுக்குக் கொடுமை செய்தார்கள்’, ‘அவளைக் கொடுமைப்படுத்தினார்கள்’. இரண்டையும் கலந்து ‘அவளைக் கொடுமை செய்தார்கள்’ என்று எழுதுவது பெருகிவிட்டது. ‘கொடுமைப்படுத்து’ என்பதில் ப் மிகும். ‘வதைபட்டான்’, ‘அடிபட்டான்’ என்பவற்றில் மிகாது.

இதைவிடப் பெரிய கோளாறு செயப்பாட்டு வினை. ‘புகுந்த வீட்டில் கொடுமைப்படுத்தப்பட்டு வந்தார்’ என்ற வாக்கியத்தில் செய்தவர் காணாமல் போய்விடுகிறார். ‘கணவரும் மாமியாரும் கொடுமைப்படுத்தியதாகப் புகார் கொடுத்தார்’ என்று எழுதலாம். குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை என்பதைப் ‘புகார்’ சொல்லிவிடும். யார் மீது என்பதும் மறையாது.

அடிக்காமல், பேச்சாலேயே வாட்டினால் அது சட்டப்படி கொடுமையா?

இந்தியச் சட்டத்தில் ஆகலாம். மணமான பெண்ணைக் கணவரோ அவரது உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு 1983-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் இருக்கின்றன. பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய அல்லது உடல்நலத்தையோ மனநலத்தையோ கடுமையாகக் கெடுக்கக்கூடிய நடத்தையும், பணமோ பொருளோ கேட்டு நச்சரித்துத் துன்புறுத்துவதும் அதில் அடங்கும். கையை ஓங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

‘சித்திரவதை’யில் சித்திரம் எங்கிருந்து வந்தது?

ஓவியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வடமொழியில் ‘சித்ர’ என்பதற்குப் பலவகையான, விதவிதமான என்ற பொருளும் உண்டு. ‘வத’ என்றால் கொலை. அர்த்தசாஸ்திரம் வதைத்துக் கொல்லும் தண்டனையைச் ‘சித்ர’ என்றும், வேறு துன்பம் சேர்க்காமல் கொல்வதைச் ‘சுத்த’ என்றும் பிரிக்கிறது. தமிழுக்கு வந்தபின் கொலைப்பொருள் தேய்ந்து வேதனை மட்டும் நின்றது. இன்று சித்திரவதைக்கு ஆளானவர் உயிரோடு இருக்கலாம்.

‘கொடுமை’ நம் சொல்லே. ‘கொடு’ என்றால் வளைந்தது. சங்கப் பாடல்களில் ‘கொடுமரம்’ என்பது வில். நேர் நின்ற கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். அடியில் இருப்பது வலி அல்ல, நேர்மை பிறழ்ந்தது என்ற எண்ணம். இது மிக அழகான வழித்தடம் என்றே சொல்ல வேண்டும். துன்பம் தருவதை வள்ளுவர் ‘இன்னா செய்தல்’ என்றார், கொடுங்கோன்மை அதிகாரத்தில் ‘அலை’ என்றார். ‘அலைமேற்கொண்டு அல்லவை செய்தொழுகும் வேந்து’ என்ற 551-ஆம் குறளில் வரும் அலை கடலலை அல்ல, குடிகளை வருத்துவது. ‘அலைக்கழித்தல்’ என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

‘வன்கொடுமை வழக்கில் கைது’ என்ற தலைப்பு எதைக் குறிக்கிறது?

தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான குற்றங்களுக்கான 1989-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ‘வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்’ என்று பெயர். ‘பாலியல் வன்கொடுமை’ என்பதோ வன்புணர்வைக் குறிக்க இதழ்களில் வழங்குவது. அடைமொழி இல்லாமல் விட்டால் வாசகர் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார். ‘சாதி வன்கொடுமை’, ‘பாலியல் வன்கொடுமை’ என்று ஒவ்வொரு முறையும் முழுதாகவே எழுதுங்கள்.

‘வன்’ இருப்பதால் அடிதடி நடந்திருக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறு. பிறர் காணும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும் அந்தச் சட்டப்படி வன்கொடுமையே.

‘கற்பழிப்பு’ என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழிந்தது பெண்ணிடம் இருந்த ஏதோ ஒன்று என்கிறது அந்தச் சொல். செய்தவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. வன்புணர்வு, பாலியல் வல்லுறவு என்று எழுதலாம்.

பாலியல் தொல்லை, பாலியல் சீண்டல், சில்மிஷம்: எது சரி?

சில்மிஷம் குறும்பைக் குறிக்கும் சொல், குற்றத்துக்கு வேண்டவே வேண்டாம். ‘சீண்டல்’ விளையாட்டுக்கும் பொருந்துவது. ‘தொல்லை’ பரவலாக வழங்குகிறது, ஆனால் கொசுவும் தொல்லைதான். ‘பாலியல் துன்புறுத்தல்’ என்றால் எடை குறையாது. இம்சையும் இப்படி மெலிந்துபோன சொல். அகிம்சையின் மறுதலை என்ற கனம் போய், குழந்தை அடம்பிடிப்பதையும் இம்சை என்கிறோம்.

குரூரம், கொடூரம்?

கொடூரம் செயலையும் காட்சியையும் சொல்லும்: கொடூர விபத்து, கொடூரக் கொலை. குரூரம் மனத்தைச் சொல்லும்: குரூரப் பார்வை. விபத்துக்கு மனம் இல்லை, ஆகவே அது குரூரமாக முடியாது.

ராகிங்குக்குத் தமிழ்?

இலங்கையில் ‘பகிடிவதை’ நன்றாக வேரூன்றிய சொல். தமிழ்நாட்டில் ‘பகடிவதை’, ‘கேலிவதை’ இரண்டும் எழுத்தில் உண்டு, பேச்சில் ராகிங்தான். ‘கேலி’ என்று மட்டும் எழுதி ‘வதை’யை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு 1997-இலும் இலங்கை 1998-இலும் சட்டம் போட்டுத் தடுத்தது அந்த வதையைத்தான்.