மகள் 6ஜி ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், விடலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. வகுப்பில் எல்லோரும் ஐடி கம்பெனிக்குத் தயாராகும்போது, மூன்றாம் ஆண்டு ஈசிஇ படிக்கும் உங்கள் மகள் மட்டும் 5ஜிக்கு அடுத்த தலைமுறையான 6ஜி, வயர்லெஸ் ஆராய்ச்சி என்கிறாளே, முப்பது வயது வரை படித்துக்கொண்டே இருப்பாளோ என்பது ஒன்று. ஆராய்ச்சி என்றால் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து கட்டுரை எழுதுவதுதானே, அதில் பிழைப்பு நடக்குமா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதலாவதன் பாரம் பாதி குறைந்துவிடும்.

வயர்லெஸ் துறையில் யாரும் தனியாக எதையும் செய்து முடிக்க முடியாது. நம் சென்னையிலேயே நடந்த ஒரு வேலையைப் பாருங்கள். 2018-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை, உள்நாட்டிலேயே ஒரு 5ஜி சோதனைக் களம் அமைக்கப் பணம் ஒதுக்கியது. செலவு சுமார் 220 கோடி ரூபாய். சென்னை ஐஐடி தலைமை ஏற்றது. டெல்லி, பம்பாய், கான்பூர், ஹைதராபாத் ஐஐடிகள், பெங்களூரு ஐஐஎஸ்சி, மைக்ரோவேவ் ஆய்வு நிறுவனமான சமீர், தரமணி ரிசர்ச் பார்க்கில் இருக்கும் வயர்லெஸ் ஆய்வு மையமான செவிட் என மொத்தம் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்தன. 2022 மே 17-ல் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். அடுத்த இரண்டாம் நாள், சென்னை ஐஐடியில் உள்நாட்டில் வடிவமைத்த கருவிகளை வைத்தே 5ஜி அழைப்பு பேசிக் காட்டினார்கள். நாட்டில் ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி சேவையைத் தொடங்கியது அதற்குப் பிறகு, அக்டோபரில்தான்.

எட்டு நிறுவனம் எதற்கு என்று கேட்பீர்கள். டவரில் இருக்கும் ரேடியோ, அதன் பின்னால் கணக்குப் போடும் பேஸ்பேண்ட் போர்டு, அதில் ஓடும் மென்பொருள், அழைப்புகளை இணைக்கும் கோர் நெட்வொர்க், சோதிக்க ஒரு மொபைல் பக்கம், இத்தனையும் வேண்டும். ஒவ்வொன்றும் தனித் தனிப் படிப்பு. ஆண்டெனா ஆள் வேறு, எஃப்பிஜிஏ என்ற, நம் தேவைக்கு மாற்றியமைக்கும் சிப்புக்கு வெரிலாக் மொழியில் எழுதுகிறவர் வேறு, கருவிகள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறையான புரோட்டகாலை சி மொழியில் எழுதுகிறவர் வேறு. இதில் பிஎச்டி முடித்தவர்களும் உண்டு, பி.இ. முடித்துவிட்டு ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்தவர்களும் உண்டு.

இவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வார்கள் என்பதற்கு ஒரே ஒரு காட்சி சொல்கிறேன், உங்கள் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள். ரேடியோவிலிருந்து வரும் சிக்னலை அனலைசர் என்ற அளவிடும் கருவியில் போட்டால் திரையில் புள்ளிகள் தெரியும். 64-க்யூஏஎம் என்ற முறையில் தகவல் அனுப்பினால் எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு புள்ளிகள், ஒவ்வொன்றும் கூராக நிற்க வேண்டும். நிற்காது. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி உருண்டையாகக் கலங்கியிருந்தால் நாய்ஸ், அதாவது இரைச்சல் அதிகம். மூலைப் புள்ளிகள் மட்டும் உள்ளே இழுபட்டிருந்தால் சிக்னலைப் பலப்படுத்தும் பவர் ஆம்ப்ளிஃபயர் திணறுகிறது. புள்ளிகள் வில் மாதிரி வளைந்து நீண்டால் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் தடுமாறுகிறது, அதற்கு ஃபேஸ் நாய்ஸ் என்று பெயர். ரேடியோ பக்கத்து ஆர்எஃப் ஆள் பேஸ்பேண்ட் ஆளைப் பார்ப்பார், பேஸ்பேண்ட் ஆள் ஆர்எஃப் ஆளைப் பார்ப்பார். திரையைப் படிக்கத் தெரிந்தவர் குறை யார் பக்கம் என்று சொல்லிவிடுவார். அப்புறம் ஒருவர் ஆம்ப்ளிஃபயரின் கோணலைக் கணக்கிட்டு, அதற்கு நேர் எதிரான கோணலை முன்கூட்டியே சிக்னலில் சேர்த்துவிடுவார். மூலைப் புள்ளிகள் மறுபடி தம் இடத்துக்கு வரும். இந்த மாதிரி வேலையில் சந்தோஷப்படுகிற மனசு உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்பும் முதல் விஷயம். மதிப்பெண் இரண்டாவது.

இன்னொன்று. இப்போது இந்தத் துறையின் ஆராய்ச்சியில் பெரும்பகுதி சிக்கனத்தைச் சுற்றியே நடக்கிறது. அலைக்கற்றை கோடிக்கணக்கில் ஏலம் போகிறது, அதனால் ஒரு ஹெர்ட்ஸில் எத்தனை பிட் அனுப்பலாம் என்று பார்க்கிறார்கள். டவரின் கரண்ட் செலவில் பெரும்பங்கை ரேடியோ, அதிலும் பவர் ஆம்ப்ளிஃபயர்தான் தின்கிறது, அதனால் ஒரு பிட்டுக்கு எவ்வளவு மின்சாரம் என்றும் பார்க்கிறார்கள். நம் நாட்டு ஆட்கள் இதில் சொன்ன ஒரு யோசனை உலகத் தரத்திலேயே ஏறியிருக்கிறது. ஊராட்சியில் ஒரு டவர் போட்டால் சுற்றியிருக்கும் குக்கிராமங்களுக்கும் சிக்னல் எட்ட வேண்டும், அதற்கு டவருக்கும் டவருக்கும் 6 கிலோமீட்டர் இருந்தாலும் தாங்க வேண்டும் என்று இந்தியத் தரப்பு கேட்டது. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு அதை 5ஜி மதிப்பீட்டு நிபந்தனைகளில் சேர்த்துக்கொண்டது. இதில் சிக்கல் டவரைவிட மொபைலில்தான். கையிலிருக்கும் சின்னக் கருவி அவ்வளவு தூரம் திருப்பிப் பேச வேண்டும். தகவலைப் பல சிறு அலைகளாகப் பிரித்து ஒன்றாக அனுப்பும் வழக்கமான ஓஎஃப்டிஎம் அலைவடிவத்தில் உச்சங்கள் அதிகம், ஆம்ப்ளிஃபயரை முழு பலத்துக்கு ஓட்ட முடியாது. உச்சம் குறைந்த அலைவடிவம் வைத்தால் அதே ஆம்ப்ளிஃபயர் இன்னும் தூரம் பேசும். ஐஐடி ஹைதராபாத், செவிட், சென்னை ஐஐடி ஆட்கள் இந்த வழியில் உழைத்தார்கள். 2021-ல் வந்த ஐடியு பரிந்துரையில் 5ஜிஐ என்ற பெயரில் அது இடம்பெற்றது, பிறகு மொபைல் தரங்களை எழுதும் உலகக் கூட்டமைப்பான 3ஜிபிபியின் தரத்தோடு சேர்க்கப்பட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இதுதான். கிராமத்தில் சிக்னல் இல்லை என்ற நம் வீட்டுப் புலம்பல், ஒரு பொறியியல் கேள்வியாகி ஜெனீவா வரை போயிருக்கிறது.

ஆனால் பொறுமை வேண்டும், அதை மறைக்க மாட்டேன். பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் கடற்படையில் சோனார் கருவி உருவாக்கியவர், பிறகு ஸ்டான்ஃபோர்டு போனார். ஒரே அலைக்கற்றையில் பல ஆண்டெனா வைத்துப் பல தகவல் ஓடைகளை அனுப்பலாம் என்ற மைமோ யோசனைக்கு 1992-ல் காப்புரிமை கேட்டார், 1994-ல் கிடைத்தது. அது வைஃபை தரத்தில் ஏறியது 2009-ல். இன்று உங்கள் கையில் இருக்கும் போனிலும் அது இருக்கிறது. அவருக்கு மார்கோனி பரிசு 2014-ல் வந்தது.

சரி, பணம். கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. குறைவுதான், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். பிஎச்டி செய்யும்போது தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000, அதோடு வீட்டு வாடகைப் படி. பிஎம்ஆர்எஃப் என்ற பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை திட்டத்தில் முதல் இரண்டு வருடம் 70,000 என்று வைத்தார்கள், ஆனால் அது வெகு சிலருக்குத்தான். அவளோடு படித்தவர்கள் ஐடியில் சேர்ந்து முதல் மூன்று வருடத்தில் இவளைவிட அதிகம் சம்பாதிக்கலாம். வீட்டில் கடன் அடைக்க அவள் சம்பளம் உடனே தேவை என்றால் அதை வெளிப்படையாகப் பேசுங்கள். அப்போது ஆராய்ச்சியைத் தள்ளிப்போடுவதில் தப்பில்லை.

பிஎச்டிதான் ஒரே வழி என்றும் நினைக்காதீர்கள். எனக்குக் கேட்டால் உங்கள் மகளுக்கு நல்ல வழி, ஐஐடி அல்லது ஐஐஎஸ்சியில் ஆராய்ச்சி வழி முதுகலை, இல்லையென்றால் இந்த மாதிரிக் கூட்டுத் திட்டத்தில் ஒரு வருடம் ப்ராஜெக்ட் வேலை. அதற்குள் அவளுக்கே தெரிந்துவிடும். பிடித்தால் மேலே படிக்கட்டும். பிடிக்காவிட்டால் அதே திறமைக்கு பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் குவால்காம், சாம்சங், நோக்கியா, எரிக்சன் போன்றவற்றின் ஆர் அண்ட் டி பிரிவுகளில் கேட்பார் உண்டு. பிஎஸ்என்எல் 4ஜிக்கு ரேடியோ செய்தது பெங்களூரு நிறுவனமான தேஜஸ், கோர் செய்தது அரசு ஆய்வு மையமான சி-டாட், ஒருங்கிணைத்தது டிசிஎஸ். இப்படி உள்நாட்டு நிறுவனங்களிலும் இந்த வேலை இருக்கிறது.

இந்த ஒரு வருடம் அவள் செய்ய வேண்டியது கணக்கு. லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், டிஎஸ்பி என்ற டிஜிட்டல் சிக்னல் ப்ராசசிங். பாஸ் ஆனால் போதும் என்று படித்திருந்தால் மறுபடி முதலிலிருந்து படிக்கட்டும். என்பிடிஇஎல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் வயர்லெஸ் பாடத்தை முழுதாக நடத்தியிருக்கிறார்கள், பார்க்கக் காசு கிடையாது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று ரேடியோ அலைகளை வாங்கும் ஒரு யூஎஸ்பி கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அதை லேப்டாப்பில் செருகி, குனூ ரேடியோ என்ற இலவச மென்பொருளில் அவளே ஒரு எஃப்எம் ரிசீவர் கட்டட்டும். யூடியூப் பார்த்துக் கட்டிவிட்டு, சத்தம் ஏன் கரகரக்கிறது என்று இரவு முழுக்கத் தேடினால், நீங்கள் தடுக்க வேண்டாம். ஒரு வாரத்தில் கருவி மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டால், அதுவும் ஒரு பதில்தான். கோடை விடுமுறையில் சென்னை ஐஐடியும் அறிவியல் அகாடமிகளும் மூன்றாம் ஆண்டு மாணவர்களை இரண்டு மாதம் லேபில் சேர்த்துக்கொள்கின்றன, அதற்கும் விண்ணப்பிக்கட்டும். 2023 அக்டோபரில் நாடு முழுக்க 100 கல்வி நிறுவனங்களுக்கு 5ஜி லேப் ஒதுக்கினார்கள். உங்கள் பக்கத்துக் கல்லூரி எதிலாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "6ஜி சர்டிஃபிகேட், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று யாராவது ஃபீஸ் கேட்டால் கட்டாதீர்கள். 6ஜிக்கு ஐடியு 2023-ல்தான் சட்டகம் போட்டது, தரமே இன்னும் எழுதி முடியவில்லை, சேவை 2030 வாக்கில் என்கிறார்கள். எழுதாத தரத்துக்கு யார் சர்டிஃபிகேட் கொடுப்பது?

வயதைப் பற்றி. ஆராய்ச்சி வழி முதுகலை இரண்டரை, மூன்று வருடத்தில் முடியும், அப்போது அவளுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து. கல்யாணம் எப்போது என்பது நீங்கள் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அதைக் காரணம் காட்டி இப்போதே கதவைச் சாத்திவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம் கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் அந்த வழிகாட்டியிடம் முன்பு படித்த இரண்டு பேரிடம் அவள் பேசட்டும். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், லேபில் கருவி இருக்கிறதா, மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து வேலை நடக்கிறதா என்று கேட்டாலே போதும். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். இறுதி ஆண்டு தொடங்கியதும் அவள் விண்ணப்பிக்கட்டும். கேம்பஸ் இன்டர்வியூவிலும் கலந்துகொள்ளட்டும். இரண்டும் கையில் இருக்கும்போது முடிவெடுப்பது உங்கள் இருவருக்குமே சுலபம்.